கீழப் பக்கம்

போடியில் பிறந்தவனுக்குத் திசை என்பது யோசிக்க வேண்டிய விஷயமே இல்லை. வாசலில் நின்று தலையைத் தூக்கினால் மலை. அது மேற்கு, அதுவே மேலே. "மேல போறேன்" என்றால் ஏலத்தோட்டத்துக்கு. "கீழ வர்றேன்" என்றால் ஊருக்கு. மேல என்று நீ சொன்னது உயரத்தையா மேற்கையா என்று எங்களை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இவனுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று சிரித்திருப்போம். ரெண்டும் வேறு வேறு என்று தெரிந்துகொள்ள நான் தூத்துக்குடிக் கடல் வரைக்கும் போய்ப் பாதி உயிரை விட்டுவிட்டு வரவேண்டியிருந்தது. நடந்து ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் எனக்குத் தெளியவில்லை. தெளிந்தவன் மாதிரிப் பேசினால் அது பொய்.

நாங்கள் மூன்று பேர். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள். ஒருத்தனை ஒருத்தன் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஞாபகமே கிடையாது. மூன்று பேருக்குமே மாப்ளேதான். யாராவது "மாப்ளே" என்றால் மூன்று தலையும் திரும்பும். எனக்கு மலையில் கொஞ்சம் ஏலக்காய் உண்டு. இன்னொருத்தன் ஜீப்பு ஓட்டுகிறவன், விடிகாலையில் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மேலே போய், சாயங்காலம் கீழே கொண்டுவந்து விடுவான். மூன்றாமவன் துபாயில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். கடல்மீன் பிடிக்கிற கிறுக்கை அவன்தான் அங்கிருந்து கொண்டுவந்தான்.

வயிற்றுக்காகப் பிடிப்பதில்லை. விளையாட்டுக்காம். நீளமான தூண்டில் கம்பு, அதில் சைக்கிள் பெடல் மாதிரிச் சுற்றுகிற ஒரு சக்கரம், பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் மீன். பெரிய மீனோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டி இழுத்து, ஒரு போட்டோ எடுத்து, மறுபடி கடலிலேயே விட்டுவிட வேண்டுமாம். "விடுறதுக்கு எதுக்குடா பிடிக்கணும்?" என்று ஜீப்புக்காரன் கேட்டான். "அது உனக்குப் புரியாது" என்றான் துபாய்க்காரன். அவன் மட்டும் புரிந்தவன் மாதிரி மொட்டை மாடியில் நின்று வீசிப் பழகி, அடுத்த வீட்டுக் கொடியில் காய்ந்த சேலையைப் பிடித்து இழுத்து, அந்த அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அன்றைக்கே நான் விலகியிருக்க வேண்டும். எனக்கு ஏது அந்தப் புத்தி.

ஜீப்புக்காரனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தக் கதையே இல்லை. அவனுக்கு முந்தின வருஷம் நெஞ்சு வலி வந்து மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள். "உள்ள ஸ்பிரிங்கு போட்டிருக்காங்கடா, இனிமே மேடு பள்ளம் தெரியாது" என்று அவன் ஜம்பமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆனால் ஜீப்புச் சாவியை அவன் மனைவி எடுத்து மிளகாய்ப்பொடி டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். வேறு டிரைவர் ஜீப்பை ஓட்ட, இவன் வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளுக்கெல்லாம் கியர் மாற்றிக்கொண்டிருந்தான். கடலுக்குப் போகிறோம் என்றதும் எங்களைவிட அவன்தான் குதித்தான். "ஒரு நாளாவது என்னை நோயாளியாப் பாக்காத எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்கடா" என்றான். 

கடலுக்கு என்றால் அவன் மனைவி விடமாட்டாள். திருச்செந்தூருக்கு என்று சொன்னோம். சொன்னது நான்தான், ஏனென்றால் அவள் என்னைத்தான் நம்புவாள். கிளம்புகிற அன்று என் சட்டைப் பையில் அவளே ஒரு மாத்திரை அட்டையைச் செருகினாள். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. "அண்ணே, அவுக பையில வச்சா மறந்துருவாக. உங்களை நம்பித்தான் அனுப்புறேன்" என்றாள்.

"எப்படிக் கூட்டிட்டுப் போறேனோ அப்படியே கொண்டாந்து விடுறேன் ஆத்தா" என்றேன். பெரிய இவன் மாதிரி.

தூத்துக்குடியில் படகுக்காரர் எங்களைப் பார்த்ததும் வானத்தைப் பார்த்தார். வாட்டசாட்டமான ஆள், கொஞ்சம் கோபக்காரர். "காத்து கூடுதலாக் கெடக்கு அண்ணாச்சி. மேலக்காத்து. நாளைக்குப் பாப்பமா?" என்றார். துபாய்க்காரன் லீவு, முன்பணம், தூரம் என்று என்னென்னவோ பேசி அவரைக் கரைத்தான். அவரும் கரைந்தார். "அப்போ வெரசா கிளம்புங்க" என்று ஜீப்புக்காரன் அவருக்கே உத்தரவு போட்டான்.

அது ஒரு ஃபைபர் படகு. பின்னால் எஞ்சின், நடுவில் உட்காருகிற பலகைகள். முன்பக்கத் தளத்துக்கு அடியில் கயிறும் நங்கூரமும் போட்டு வைக்கிற ஒரு சின்னப் பொந்து, அதற்குத் தள்ளி மூடுகிற ஒரு பலகைக் கதவு. ஆள் குனிந்து போய் உட்காரலாம், அவ்வளவுதான். இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

துறைமுகத்தைத் தாண்டியதும் படகு எகிற ஆரம்பித்தது. ஒரு அலை தூக்கும், அடுத்தது கீழே போடும். போட்டதும் முதுகெலும்பு தலைக்குள் ஏறும். நான் வாந்தி எடுத்தேன். துபாயில் கடலைக் கரைத்துக் குடித்தவனும் எடுத்தான். ஜீப்புக்காரன் மட்டும் அசையவில்லை. "எத்தனை கொண்டை ஊசி வளைவு பாத்தவன் நானு, இதென்ன பிரமாதம்" என்று சிரித்தான். மலையில் போட்டுக்கொள்கிற கம்பளிக் குல்லாவைக் கடலுக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தான். உயிர் காக்கும் சட்டையை எல்லோருக்கும் மாட்டிவிட்டார் படகுக்காரர். கொஞ்ச நேரத்தில் நெஞ்சை அமுக்குகிறது என்று இவன் கழற்றிப் பலகையில் போட்டுவிட்டான். "போட்டுக்கடா" என்றேன். "நெஞ்சு என்னோடதா ஒன்னோடதா?" என்றான். நான் மறுபடி விளிம்பில் குனிந்தேன்.

கரை மறைந்தது. வானம் முழுக்க மேகம், வெயில் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே சாம்பல் நிறத் தண்ணீர். எனக்குள் ஒரு பயம் வந்தது, அது மூழ்கிவிடுவோம் என்கிற பயமில்லை. ஏதோ ஒன்றைக் காணோம், என்னவென்று தெரியவில்லை. வீட்டில் சாமான் ஒன்று இடம் மாறினால் வருமே, அந்த மாதிரி. தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அப்போது தூண்டில் வளைந்தது. சக்கரம் வீலென்று கத்திக்கொண்டு சுற்றியது. "பாரை! பெரிய பாரை!" என்று படகுக்காரர் பின்னாலிருந்து கூவினார். துபாய்க்காரன் கம்பை இடுப்பில் முட்டுக்கொடுத்து விளிம்பில் நின்றான். மீன் அவனையே இழுத்தது. நான் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஜீப்புக்காரனும் மீனைப் பார்க்க எங்கள் பக்கமே வந்து நின்றான். மூன்று பேரும் ஒரே பக்கம். படகு அந்தப் பக்கமாகச் சாய, தண்ணீர் விளிம்பைத் தொட்டது.

"எல்லாரும் ஒரே பக்கமா நிக்காதீங்க! ஒரு ஆளு கீழ போங்க! கீழ போங்கன்னு சொல்லுதேன்லா!" என்று படகுக்காரர் அலறினார்.

அலறி முடிப்பதற்குள் ஒரு அலை எங்கள் தலைக்கு மேலே உடைந்தது. கண்ணைத் திறந்தபோது வாயெல்லாம் உப்பு. மீன் போடுவதற்காகக் கொண்டுவந்த பெரிய ஐஸ் பெட்டி நடுவிலிருந்து வழுக்கிப்போய் முன்பக்கம் முட்டிக்கொண்டு கிடந்தது. துபாய்க்காரன் இருந்தான். அவன் இடுப்பில் என் கை இருந்தது. பக்கத்தில் நின்றவனைக் காணோம்.

அவன் கழற்றிப் போட்ட சட்டை பலகைக்கு அடியில் நனைந்து கிடந்தது. தண்ணீரில், கொஞ்ச தூரத்தில், அவனுடைய கம்பளிக் குல்லா மிதந்துகொண்டிருந்தது.

"ஆளு விழுந்துட்டாரு!" என்று படகுக்காரர் கத்தினார். துபாய்க்காரன் கையிலிருந்த கம்பை அப்படியே கடலில் போட்டான். மீனோடு, சக்கரத்தோடு. மாடியில் யாரையும் தொடவிடாத கம்பு. "மாப்ளே! மாப்ளே!" என்று கையைக் குவித்துக் கூப்பிட்டான். நான் கூப்பிடவில்லை. கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

படகுக்காரர் குல்லாவைச் சுற்றி வட்டம் போட ஆரம்பித்தார். "எந்தப் பக்கம் விழுந்தாரு? நீங்கதான பக்கத்துல நின்னீங்க, கையக் காட்டுங்க!" என்றார்.

நான் கையைக் காட்டினேன். குரலை எங்கிருந்தோ பிடித்து இழுத்து மெதுவாகச் சொன்னேன். "மலைப் பக்கம்."

"எந்த மலை?" என்றார் அவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். மலை இல்லை. இவ்வளவு நேரம் தேடிக்கொண்டிருந்தது எதை என்று அப்போதுதான் தெரிந்தது. பிறந்ததிலிருந்து என் தலைக்குப் பின்னால் நின்ற ஒன்று அங்கே இல்லை. படகு சுற்றிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் என்று நீட்டிய கை அடுத்த நிமிஷம் வேறு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. என் சிநேகிதன் எங்கே நின்றான், எந்தப் பக்கம் போனான், எதுவுமே என்னால் சொல்ல முடியவில்லை. கூடவே நின்றேன். கூடவே நின்றவனுக்குத் தெரியவில்லை. அய்யோ முருகா, நீச்சல் தெரியாதவன், நெஞ்சில் கம்பி வைத்தவன், என்னை நம்பி அனுப்பினாளே என்று அதையே திருப்பித் திருப்பி நினைத்தேன்.

மாத்திரை அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள். தண்ணீருக்குள் போனவன் நாக்குக்கு அடியில் எதை வைப்பது? ஆனால் அதைக் கீழே விட மனசு வரவில்லை. அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். "ஆத்தா" என்று ஆரம்பிப்பேன். அதற்கு அடுத்த வார்த்தை வரவில்லை. மறுபடி "ஆத்தா" என்று ஆரம்பிப்பேன். படகைப் போலவே அதுவும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது.

அலை வேறு படகின் முன்பக்கத்தில் தொம் தொம் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் என்னைக் கொன்றது. "கொஞ்சம் நிறுத்தித் தொலையேன்" என்று கடலைப் பார்த்துத் திட்டினேன்.

கடைசியில் படகுக்காரர் எஞ்சினைத் துபாய்க்காரனிடம் கொடுத்துவிட்டு முன்னால் ஓடினார். மிதவை வளையமும் நீளக் கயிறும் அந்தப் பொந்துக்குள்தான் இருந்தன. முட்டிக்கொண்டு நின்ற ஐஸ் பெட்டியைக் காலால் எத்தித் தள்ளிவிட்டுப் பலகைக் கதவை இழுத்தார். இழுத்தவர், "ஏ யம்மா!" என்று பின்னால் விழுந்தார்.

உள்ளே கயிற்றுக் குவியலின் மேல் ஜீப்புக்காரன் உட்கார்ந்திருந்தான். கை முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. முகம் முழுக்கக் கண்ணீர். வெளியே வந்தான். யாரையும் பார்க்கவில்லை, நேராக என்னைத்தான் பார்த்தான். பேயைப் பார்ப்பதுபோல. அப்புறம் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டான்.

"எங்கடா போன?" என்றான்.

அதே கேள்வியைக் கேட்கத்தான் நானும் வாயைத் திறந்திருந்தேன். அடி வாங்கிக்கொண்டே கேட்டேன். "எங்கடா போன?"

"நான் எங்கயும் போகல, நீ எங்க போன?"

"நான் இங்கதான்டா நின்னேன்."

எங்களைப் பார்த்த படகுக்காரருக்கு வந்ததே கோபம். "யோவ், கீழ போங்கன்னா எதுக்குய்யா உள்ள போனீரு?" என்றார்.

"கீழ போகச் சொன்னீக, கீழதான் போனேன்" என்றான் இவன்.

"கீழன்னா கீழப் பக்கம்யா! கெழக்க! மேலப் பக்கம் மூணு பேரு நிக்கியளே, ஒரு ஆளு கீழப் பக்கம் போயி நின்னா படகு நிமிரும்னு சொன்னேன். பொந்துக்குள்ள போயி உக்காரவா சொன்னேன்?"

"கெழக்கன்னா கெழக்கன்னு சொல்லணும்ல? கீழன்னா கீழதான?"

"கீழன்னா கெழக்குதான? எந்த ஊருய்யா நீங்கள்லாம்?"

எங்கள் ஊரில் வேறு கணக்கு. மலையில் மண் சரிகிறது, மழை இறங்குகிறது என்றால் "கீழ போங்க" என்று ஒரு குரல் வரும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. இறங்கிவிடுவோம். இறங்குகிற பக்கம்தான் கிழக்கு. அவன் காதில் விழுந்தது அந்தக் குரல்தான். அலை வருவதைப் பார்த்ததும் இறங்கிவிட்டான். குல்லா காற்றில் போனது, பெட்டி வழுக்கிக் கதவை அடைத்தது. தொம் தொம் என்று அடித்தது அலை இல்லை. அவன் கை.

படகு கரைக்குத் திரும்புகிற வழியெல்லாம் நாங்கள் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை. அவனுக்கு நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். "வலிக்கலடா, ஒன்னும் செய்யல, கேக்காத" என்றான். இறங்கியதும் முதல் வேலையாக ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அதன்பின் அவன்தான் பிடிவாதமாகத் திருச்செந்தூருக்குக் காரை விடச் சொன்னான். "பொய்யாச் சொல்லிட்டு வந்தோம்ல, அதை உண்மையாக்கிட்டுப் போவோம்" என்றான். அன்று சாயங்காலம் சந்நிதியில் நின்று மூன்று பேரும் கும்பிட்டோம். என்ன வேண்டினேன் என்று ஞாபகமில்லை. கூட்டத்தில் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றது மட்டும் ஞாபகமிருக்கிறது.

மறுநாள் கிளம்பினோம். கார் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி இறங்கியதும் எதிரே நீலமாக மலை எழுந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜீப்புக்காரன் அப்போதுதான் பேசினான்.

"உள்ள கெடக்கேன். ஆளு விழுந்துட்டாருன்னு அந்தாளு கத்துறாரு. மாப்ளே மாப்ளேன்னு வண்டி ஓட்டுற இவன் கதறுறான். இவன் சத்தம் கேக்குது, அந்தாளு சத்தம் கேக்குது. உன் சத்தம் மட்டும் கேக்கல. அப்ப விழுந்தது யாரு? நீதான்னு நெனச்சேன். கதவைக் குத்துறேன், தொறக்க மாட்டேங்குது. என்னைப் பாத்துக்கிறதுக்குன்னு வந்து நீ போயிட்டியேன்னு..." நிறுத்திவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "உன் வீட்டுக்காரிகிட்ட என்னன்னு சொல்றதுன்னு யோசிச்சேன்டா. ஒரு வார்த்தை வரல."

 ஒரு பலகைக்கு இந்தப் பக்கம் நான் அவனுக்காகச் செத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவன் எனக்காக. துபாய்க்காரன் காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதான்.

போடியில் அவன் வீட்டு வாசலில் இறங்கியபோது அவன் மனைவி வெளியே வந்தாள். திருநீற்றைக் கொடுத்தோம். இட்டுக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் என்னிடம் கையை நீட்டினாள். மாத்திரை அட்டையைக் கொடுத்தேன். அது கசங்கி, உப்புப் பூத்து, பிசுபிசுவென்று இருந்தது.

"என்னண்ணே, இப்படி நனைஞ்சிருக்கு? சட்டையோடயா கடல்ல குளிச்சீக?"

சொல்லிவிடத்தான் நினைத்தேன். "ஆத்தா" என்று ஆரம்பித்தேன். படகில் நின்ற அதே இடத்தில் அந்த வார்த்தை மறுபடி நின்றுவிட்டது. அவள் புருஷன் என் கண் எதிரே, முழுசாக, செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். ஆனாலும் எனக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. நடுத்தெருவில் நின்று, கழுத்து நரம்பு புடைக்க, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதேன்.

அவள் பதறிப்போனாள். "என்னண்ணே, என்னாச்சு? அவுகளத்தான் எப்படிக் கூட்டிட்டுப் போனீகளோ அப்படியே கொண்டாந்துட்டீகளே" என்றாள்.

அவன் என் தோளில் கையைப் போட்டான். "அவன் எங்க என்னைக் கொண்டாந்தான்? நான்தான அவனைக் கொண்டாந்திருக்கேன்" என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஒன்றும் விளங்காமல் துபாய்க்காரனைப் பார்த்தாள். "யாரு யாரைத்தான் கூட்டிட்டு வந்தீக?" என்றாள்.